ஒரே தோட்டம், மூன்று விதமான ஈறுகள்

"டீச்சர், எங்க வீட்டுல எல்லாருக்கும் நாப்பது வயசுல பல்லு ஆடிடும். இதுவும் ஜீன்தானே? அப்புறம் நான் எதுக்கு ராத்திரியும் பல்லு தேய்க்கணும்?"

படிவம் 4 அறிவியல் பாடத்தில் மரபியல் அத்தியாயம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நாக்கைச் சுருட்டுவது, காதுமடல், இரத்த வகை என்று நான் வெண்பலகையில் எழுதிய பட்டியலில் ஈறு இல்லை. (நாக்கைச் சுருட்டுவது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை என்பது, ஒத்த இரட்டையர்களிலேயே ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் போவதைப் பார்த்து எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் அது பாடப் பட்டியலை விட்டுப் போவதாக இல்லை.)

கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்கு வயது 43. மேல் வரிசையில் பாதிக்கு மேல் பொய்ப்பல். தாத்தாவுக்கும் அப்படித்தானாம். தனக்கும் சில மாதங்களாகப் பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறது என்பதை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகுதான் சொன்னான்.

"நல்ல கேள்வி, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். அந்த வாரமும் அதற்குப் பிறகும் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தேடிப் போன இடத்தில் முதலில் எதிர்ப்பட்டவர்கள் நம்மைப் போலவே தமிழ் பேசும் தோட்டப் பாட்டாளிகள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை

முதலில் ஈறில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெல்லிய, பிசுபிசுப்பான ஒரு படலமாகின்றன. இதைப் பற்படலம் என்கிறோம். தேய்க்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் அதில் படிந்து கல்லாக இறுகும். அது காறை. காறை பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

படலம் ஈறின் ஓரத்தில் தங்கும்போது உடல் அதை எதிரியின் முகாமாகப் பார்க்கிறது. வெள்ளை இரத்த அணுக்கள் அங்கே குவிகின்றன. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் வடிக்கிறது. இது ஈறழற்சி. இந்தக் கட்டத்தில் பல்லைத் தாங்கும் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சிலருக்கு விஷயம் அதோடு நிற்காது. வீக்கம் உள்ளே இறங்கி, பல் வேரையும் தாடை எலும்பையும் இணைக்கும் நார்களை அறுக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் விழுகிறது. எலும்பு கரைகிறது. பல் ஆடுகிறது. இதைப் பற்சூழ் நோய் என்பார்கள். பல்லில் ஓட்டையே இல்லாமல், வலியும் பெரிதாக இல்லாமல், நல்ல பல் தானாகக் கழன்று விழுவது இந்த நோயால்தான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எலும்பை நேரடியாக அரித்துத் தின்பது பாக்டீரியா இல்லை. நம் உடலே அதைக் கரைக்கிறது. பாக்டீரியாவை விரட்டுவதற்காக வெள்ளை அணுக்கள் இன்டர்லூகின்-1 போன்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியிடுகின்றன. "இங்கே ஆபத்து" என்று அடிக்கும் அபாய மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஓயாமல் அடித்தால், எலும்பைக் கரைப்பதற்கென்றே உடலில் இருக்கும் அணுக்கள் விழித்துக்கொண்டு அருகிலுள்ள எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலத்தான். எவருடைய உடல் எலியோடு நிறுத்திக்கொள்கிறது, எவருடையது வீட்டையே கொளுத்துகிறது என்பதில்தான் மரபணு வருகிறது.

ஈறழற்சிக்குக் காரணம் படலம்தான் என்பதை உறுதி செய்த சோதனை 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. நடத்தியவர் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டவரும் அவருடைய தோழர்களும். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள்; கல்லூரியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் பழைய நிலைக்குத் திரும்பியது.

இந்த முடிவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

டன்சினன் தோட்டத்து 480 பேர்

ஈறழற்சி எல்லாருக்கும் வரும் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அதைப் பல ஆண்டுகள் கவனிக்காமலே விட்டால் எல்லாருக்கும் பல் விழுமா? இதைச் சோதனையாக நடத்திப் பார்க்க முடியாது. பதினைந்து ஆண்டுகள் பல் தேய்க்காதீர்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

லோ வேறு வழியில் போனார். அவருடைய குழு 1969-இல் நார்வேயின் ஓஸ்லோவில் 565 பேரைப் பரிசோதித்துப் பதிவு செய்தது. அவர்கள் மாணவர்களும் கல்வியாளர்களும். சிறு வயதிலிருந்தே முறையான பல் பராமரிப்பு பெற்றவர்கள். 1970-இல் அதே குழு இலங்கையின் மலையகத்துக்குப் போனது. டன்சினன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் பாட்டாளிகளைப் பரிசோதித்தது. நம் முன்னோர்கள் இங்கே இரப்பர் தோட்டங்களுக்கு வந்ததைப் போலவே, அவர்களுடைய முன்னோர்கள் பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து மலையேறிப் போனவர்கள். பல் தேய்க்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பல் மருத்துவரும் அவர்களை எட்டவில்லை.

தோட்ட நிர்வாகம் ஆள் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால், அதே ஆட்களை மறுபடி மறுபடி தேடிப் பிடிக்க முடிந்தது. 1971, 1973, 1977, 1982, 1985 என்று அதே இரண்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசிப் பரிசோதனையில் முதல் நாள் பட்டியலில் இருந்த 161 பேர் அகப்பட்டார்கள்.

எல்லாருடைய பல்லிலும் படலம் அப்பியிருந்தது. எல்லாருக்கும் காறை. ஏறத்தாழ எல்லா ஈறும் வீங்கியிருந்தது. பல்லில் ஓட்டை மட்டும் அநேகமாக யாருக்கும் இல்லை. அதனால் யாருக்காவது பல் விழுந்திருந்தால் ஈறு நோய்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்; ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான நிலைமை கிடைப்பது அரிது.

எல்லாரிடமும் அழுக்கு ஒன்றுபோலவே இருந்ததால், விளைவும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைப்போம். 1986-இல் வெளிவந்த முடிவுகள் அப்படி இல்லை. ஆட்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள்.

சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பரவியது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயின, 40-இல் 20, 45-இல் வாயில் ஒரு பல்கூட இல்லை. சுமார் 81 விழுக்காட்டினருக்கு நோய் மிதமாக நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். எஞ்சிய 11 விழுக்காட்டினர்தான் ஆச்சரியம். அதே படலம், அதே காறை, அதே வீங்கிய ஈறு. ஆனால் நோய் ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. பல் ஒன்றும் விழவில்லை என்றே சொல்லலாம்.

உங்கள் வகுப்பில் 36 பேர் என்றால், 3 பேர் முதல் கூட்டம், 29 பேர் நடுக் கூட்டம், 4 பேர் கடைசிக் கூட்டம்.

ஓர் அடிக்கோல் எடுத்துப் பாருங்கள். ஈறு நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை, வேரோடு இருந்த பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் கழன்றது என்று அளப்பார்கள். 35 வயதில் கடைசிக் கூட்டத்துக்கு 1 மி.மீ.-க்கும் குறைவு. நடுக் கூட்டத்துக்கு 4. முதல் கூட்டத்துக்கு 9. முதல் கூட்டத்துக்கு 45 வயதில் அது 13 ஆனது. பல் வேரின் நீளமே பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். அதாவது பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு விஷயம் என் மனத்தை உறுத்துகிறது. இந்த ஆய்வு நோய் தானாக எப்படி வளர்கிறது என்று கவனிப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. ஈறு நோய் பற்றிய பல பாடநூல்கள் இந்த 480 பேரைக் குறிப்பிடுகின்றன. பல் மருத்துவம் அவர்களிடம் இவ்வளவு கற்றுக்கொண்டது. அவர்களில் சிலரோ நாற்பத்தைந்து வயதில் பொக்கை வாயோடு நின்றார்கள். இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு இப்படி ஒரு திட்டத்தை அனுமதிக்குமா என்று வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. உங்களுடையதைக் கேட்ட பிறகு சொல்கிறேன்.

2010-இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் மறுபடி அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதிக்க முடிந்தது.

இரட்டையர் சொன்ன சாட்சி

ஒரே சூழல், வெவ்வேறு விளைவு. உடனே "பார்த்தீர்களா, மரபணு!" என்று குதித்துவிடக் கூடாது. வெற்றிலை போடுவது, புகைப்பது, சாப்பாடு என்று அந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பழக்கம் மாறியிருக்கலாம். வாயில் குடியிருந்த பாக்டீரியா வகைகளும் மாறியிருக்கலாம். மரபணுவைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இரட்டையர் தேவை.

ஒத்த இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவர்கள். மரபணு முழுக்க ஒன்றுதான். ஒவ்வா இரட்டையர் இரண்டு முட்டைகளிலிருந்து வந்தவர்கள். சாதாரண அண்ணன் தம்பியைப் போலச் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். ஆகவே ஒத்த இரட்டையரின் ஈறுகள் ஒவ்வா இரட்டையரின் ஈறுகளைவிட அதிகம் ஒத்திருந்தால், அந்த அதிகப்படி ஒற்றுமையை மரபணுவின் கணக்கில் எழுதலாம்.

அமெரிக்காவில் பிரயன் மிஷலோவிச் குழுவினர் 64 ஒத்த, 53 ஒவ்வா இரட்டையர் இணைகளைப் பரிசோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். பற்சூழ் நோயில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்றார்கள். பின்னர் பல இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அது 38 விழுக்காட்டுக்கு இறங்கியது. எப்படிப் பார்த்தாலும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவு இல்லை.

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். "பாதி மரபணு" என்றால் உங்கள் வாயில் 16 பல்லை மரபணுவும் 16 பல்லைப் பிரஷும் பார்த்துக்கொள்கின்றன என்று பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஏன் வித்தியாசம் என்ற கேள்விக்குத்தான் அந்த எண் பதில் சொல்கிறது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும்.

ஒரு பை மிளகாய் விதையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நல்ல மண்ணும் உரமும் உள்ள தொட்டியிலும், மறு பாதியை வெறும் மணல் தொட்டியிலும் விதையுங்கள். மணல் தொட்டிக்குள் எல்லாச் செடிக்கும் ஒரே மணல், ஒரே தண்ணீர். ஆகவே அதற்குள் ஒரு செடி உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் விதை. ஆனால் இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் வைத்து, ஏன் இந்தத் தொட்டிச் செடிகள் எல்லாம் அந்தத் தொட்டியைவிடக் குட்டை என்று கேட்டால், காரணம் மண்.

மலையகமும் ஓஸ்லோவும் இரண்டு தொட்டிகள். நாற்பது வயதை நெருங்கியபோது நார்வேக்காரர்களுக்குச் சராசரிப் பிடிப்பு இழப்பு 1.5 மி.மீ.-ஐச் சற்றே தாண்டியது. தோட்டப் பாட்டாளிகளுக்கு அது 4.5 மி.மீ. தோட்டத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த வித்தியாசத்தில் உடல்வாகுக்குப் பெரிய பங்கு இருக்கலாம். தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இருந்த வித்தியாசத்தில் பல் மருத்துவர், பற்பசை, படிப்பு, சம்பளம் எல்லாம் அடக்கம்.

ஓர் எழுத்து மாறினால்

சரி, எந்த மரபணு?

மேலே அபாய மணி என்று சொன்னேனே, அந்த இன்டர்லூகின்-1-ஐத் தயாரிக்கும் குறிப்பு நம் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது என்று படித்திருப்பீர்கள். இந்தக் குறிப்பில் குறிப்பிட்ட சில இடங்களில் சிலருக்கு சி இருக்கும், சிலருக்கு டி இருக்கும். ஓர் எழுத்து வித்தியாசம்தான். இதைத்தான் மரபணு மாறுபாடு என்கிறோம். நோய் என்று இதற்குப் பெயர் சூட்ட முடியாது. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவது போல இதுவும் இயல்பாக மாறுவதுதான்.

1997-இல் கென்னத் கோர்ன்மன் குழுவினர், இப்படி இரண்டு இடங்களில் டி எழுத்து வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் புகைக்காதவர்களாக இருந்தாலும், கடுமையான பற்சூழ் நோய் அதிகம் வருவதாகக் கண்டார்கள். மணி சற்று உரக்க அடிக்கும் உடல் என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஆய்வில் கடுமையான நோயாளிகளில் 86 விழுக்காட்டினர் புகைப்பவர்களாகவோ, இந்த எழுத்துகளைக் கொண்டவர்களாகவோ இருந்தார்கள். புகைப்பவர்களிடம் மரபணுவின் பங்கைப் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. புகை அந்த அளவுக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

உடனே அமெரிக்காவில் இதை ஒரு பரிசோதனையாக விற்கத் தொடங்கினார்கள். உங்கள் ஈறின் எதிர்காலத்தை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்த்துச் சொல்கிறோம் என்ற மாதிரி. கிளி ஜோசியத்துக்கு விஞ்ஞானச் சட்டை போட்டது போல எனக்குத் தோன்றும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2000-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீன வம்சாவளியினர் 300 பேரிடம் இதே மாறுபாட்டைத் தேடினார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 30 விழுக்காட்டினரிடம் காணப்படும் அந்தக் கூட்டணி இங்கே 2.3 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. 300 பேரில் 7 பேர்! ஆனால் சீனர்களுக்கும் பற்சூழ் நோய் வரத்தான் செய்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தில் அளந்து செய்த அளவுகோல் இன்னொரு கூட்டத்துக்குப் பொருந்துவதில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஒராங் அஸ்லி, சபா சரவாக் மக்கள் என்று ஒரே கிளினிக்கில் வரிசையில் உட்காரும் நம் நாட்டுக்கு இது வெறும் புத்தகச் செய்தியாக இருக்க முடியாது. மரபணு ஆய்வுகளில் பெரும் பகுதி இன்னமும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடக்கிறது.

அதன் பிறகு மனிதரின் மரபணுத் தொகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடும் ஆய்வுகள் வந்தன. வேறு சில மரபணுக்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. இரத்த வகையைப் போல இது அல்லது அது என்று தனித்தனிப் பெட்டியில் போடும் தொடர்ச்சியற்ற மாறுபாடாக ஈறின் பலத்தை நினைக்காதீர்கள். உயரத்தைப் போல, பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து இழுக்கும் தொடர் மாறுபாடு அது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1924-இல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த அரிய நோய். பத்து இலட்சம் பேரில் ஒருவர் முதல் நால்வர் வரைதான் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப் போகும். பால்பற்கள் நான்கைந்து வயதிலேயே கழன்றுவிடும். பிறகு முளைக்கும் நிலைப்பற்களும் பதின்ம வயதில் அப்படியே. 1999-இல் காரணம் தெரிந்தது. கேதப்சின் சி என்ற நொதியின் மரபணு பழுதாகியிருந்தது. வெள்ளை அணுக்களின் ஆயுதங்களை இயக்கத்துக்குக் கொண்டுவரும் நொதி அது. அது இல்லாவிட்டால் ஆயுதம் உறையிலேயே கிடக்கும். மணி உரக்க அடித்தாலும் கேடு, படை செயல்படாமல் நின்றாலும் கேடு.

இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இருவரிடமும் பழுதான ஒரு பிரதி ஒளிந்திருக்கும். பன்னெட் கட்டம் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் இது அதிகம் காணப்படுவதற்கும் இதுவே காரணம். மாமன் மகள், அத்தை மகன் இணைகளுக்கு மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும். அரிதான பழுது ஒன்று இருவரிடமும் சந்தித்துக்கொள்ள அது வழி செய்கிறது.

மரபணு நமக்கு மட்டும்தானா? பாக்டீரியாவுக்கும் உண்டு. ஈறு நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவில் ஜேபி2 என்று ஒரு வகை இருக்கிறது. அதன் டிஎன்ஏ-வில் ஓரிடத்தில் 530 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. காணாமல் போனது ஒரு தடுப்புக் கட்டை மாதிரி. அது இல்லாததால் வெள்ளை அணுக்களைக் கொல்லும் நச்சை அந்த வகை ஏராளமாகச் சுரக்கிறது. மொரோக்கோவில் பள்ளி மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகையை மட்டும் வாயில் வைத்திருந்தவர்களுக்கு நோய் தொடங்கும் வாய்ப்பு, அந்தப் பாக்டீரியாவே இல்லாதவர்களைவிட 18 மடங்கு இருந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

குடும்பத்தில் வருவது எல்லாம்

இனி என் மாணவனுக்கு வருவோம்.

அடுத்த வாரம் அவனிடம் சில கேள்விகள் கேட்டேன். அப்பா புகைப்பாரா? ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. தாத்தா? வெற்றிலை, புகையிலை. வீட்டில் இரவு பல் தேய்ப்பவர் யார்? அம்மா மட்டும். அம்மாவுக்குப் பல் எப்படி? எல்லாம் இருக்கிறது.

குடும்பத்தில் மரபணு மட்டும் கைமாறுவதில்லை. பழக்கம் கைமாறுகிறது. சிகரெட் புகை அதே வரவேற்பறையில் சுற்றுகிறது. ஈறு நோய்ப் பாக்டீரியாகூட உமிழ்நீர் வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர முடியும். அவன் அப்பாவின் பல்லைக் கழற்றியது இவற்றில் எது என்று என்னாலும் சொல்ல முடியாது, எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே இருக்கலாம்.

ஆனால் அவனுடைய கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் இருக்கிறது. அதே இரட்டையர் ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது. பற்சூழ் நோயில் மரபணுவின் சாயல் தெரிந்தது. ஈறழற்சியில், பழக்கவழக்கங்களைக் கணக்கில் எடுத்த பிறகு, அது தெரியவில்லை. ஆர்ஹுஸ் கல்லூரியின் 12 பேரை நினைத்துப் பாருங்கள். தேய்க்காதபோது 12 பேருக்கும் வந்தது, தேய்த்தபோது 12 பேருக்கும் போனது. பல் தேய்க்கும்போது வருகிற இரத்தம் மரபணு இன்னும் பேசத் தொடங்காத கட்டம். மலையகத்தின் அந்த 8 விழுக்காட்டினரும் அந்தக் கட்டத்தைக் கடந்துதான் போனார்கள். குடும்பத்தில் ஈறு பலவீனம் என்று சந்தேகம் உள்ளவருக்கு இரவில் தேய்ப்பது மற்றவர்களைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது. மணி உரக்க அடிக்கும் வீட்டில் எலியை உள்ளே விடாமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்? அந்த 11 விழுக்காட்டில் தானும் ஒருவன் என்று நம்பி பிரஷைத் தூக்கிப் போடுகிறவருக்கு, அது உண்மையா என்று நாற்பது வயதில்தான் தெரியும்.

நம் நாட்டில் 2010-இல் பெரியவர்களிடம் எடுத்த தேசிய வாய் நலக் கணக்கெடுப்பில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு நிலையில் ஈறு பிரச்சினை இருந்தது.  எது எந்த நிலை என்று கண்ணாடியில் பார்த்துத் தெரியாது. பல் மருத்துவர் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்த மாணவன் ஒரு தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். அப்பாவையும் இழுத்துக்கொண்டு பல் மருத்துவ கிளினிக்குக்குப் போயிருக்கிறான். தாளில் பேனாவால் எழுதிய எண்கள். அவனுக்குப் பெரும்பாலும் 2, 3. பின் கடைவாய்ப் பற்களில் மட்டும் இரண்டு இடத்தில் 4. காறையை எடுத்துவிட்டார்களாம். அப்பாவுக்கு, மிச்சமிருக்கும் பற்களில், 6, 7, ஓரிடத்தில் 8.

"என்னோட நாலு மூணாயிடும்னு சொன்னாங்க, டீச்சர். அப்பாவோடது?"

எலும்பு போனது திரும்பி வருவது கடினம், ஆனால் அதே இடத்தில் நிறுத்திவைக்க முடியும், புகையை விட்டால் சீக்கிரம் நிற்கும் என்று சொன்னேன். தலையாட்டினான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"தம்பிக்கு பதிமூணு வயசு. அவனுக்கும் அளக்கச் சொல்லணுமா?"

"கூட்டிட்டுப் போ" என்றேன்.